தூசி பிடித்து வைத்திருந்த திருகு

எங்கள் வீட்டுக்குக் கணினி வந்தது 2004-ல். அப்பா அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கைக்கு வந்த பணத்தில் முதலில் வீட்டுக் கூரையைச் சரிசெய்தார். மிச்சப் பணத்தில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கித் தரச் சொன்னார். நான் அப்போது சென்னை ரிச்சி தெருவில் ஒரு சர்வீஸ் கடையில் வேலை பார்த்தேன். அண்ணா சாலையை ஒட்டிய அந்தக் குறுகலான தெருவில் பென்டியம் 4 பிராசசர், 256 எம்.பி. ரேம், 40 ஜி.பி. ஹார்டு டிஸ்க் எல்லாம் ஒரே கடையில் எடுத்து, அங்கேயே பூட்டிக் கொடுத்ததை பஸ்ஸில் திண்டிவனம் வரை கொண்டுவந்து, அங்கிருந்து ஆட்டோவில் ஊருக்குள் இறக்கினோம். அப்பா அன்று சாயங்காலமே விசைப்பலகை முன்னால் உட்கார்ந்துவிட்டார். தமிழ்த் தட்டச்சில் ஹையர் தேறியவர் என்பதால் பழைய ரெமிங்டன் விசை அமைப்பு விரலிலேயே இருந்தது. புதிதாக அவர் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது மவுஸ் ஒன்றைத்தான்.

எங்கள் ஊர் மேல்சித்தாமூர். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட சிற்றூர். தமிழ்ச் சமணர்களுக்கு இது தலைமையிடம். ஜினகாஞ்சி மடம் இங்கேதான் இருக்கிறது. உயர்ந்த கோபுரத்தோடு பார்சுவநாதர் கோயில், பாறையிலேயே தீர்த்தங்கரர்களையும் பாகுபலியையும் அம்பிகையையும் செதுக்கி வைத்த மல்லிநாதர் கோயில், ஓலைச்சுவடிகள் என்று ஊரே பழமையோடு புழங்கிக்கொண்டிருக்கும். இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு எழுதிவைப்பது, படியெடுப்பது, எழுதியதைக் காப்பது எல்லாம் சின்ன வயதிலேயே பழக்கமான பேச்சு.

அப்பா தட்டச்சு செய்தது புராணத்தையோ காப்பியத்தையோ அல்ல. அவற்றை அச்சில் பார்க்கலாம். பாட்டி வாய்ப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்த தாலாட்டுகள், விரத நாள்களில் பெண்கள் கூடிப் பாடும் பாட்டுகள், அனந்த விரதக் கதையைப் பாட்டி தன் பாணியில் சொன்ன விதம், எந்த வீட்டார் எந்த உற்சவத்துக்கு என்ன செய்வார்கள் என்ற வழக்கம் ஆகியவைதான் அவர் எடுத்துக்கொண்டவை. பாட்டி சொல்லச் சொல்ல நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். மறுநாள் காலை கணினியில் ஏற்றுவார். பேஜ்மேக்கரில் பக்கம் வடிவமைத்து, தலைப்புக்குக் கரை கட்டி, அச்சுப் புத்தகம் மாதிரியே செய்து வைத்திருந்தார். பாட்டி போன பிறகு நோட்டுகளில் சிலவற்றைக் கரையான் தின்றது. மிஞ்சியது கணினிக்குள் இருந்ததுதான்.

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து, நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. விழுப்புரம் மாவட்டம் முழுக்கத் தண்ணீர். எங்கள் வீட்டுப் பின்னறைச் சுவர் ஈரம் உறிஞ்சி, அங்கே கிடந்த கணினிப் பெட்டியை மூடியிருந்த துணி பூஞ்சை பிடித்துக் கறுத்துப் போயிருந்தது. பொங்கலுக்கு நான் ஊருக்குப் போனபோது போகிக்காகப் பின்னறையைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். பழைய இரும்பு எடுப்பவர் வாசலில் நின்று கம்ப்யூட்டரையும் எடைக்குக் கேட்டார். அப்பா பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு, “இதுல எங்கம்மா பாட்டு இருக்குதுப்பா. இது எடைக்கு இல்ல” என்றார். இரும்பு எடுப்பவர் போன பிறகு என்னைப் பார்த்து, “ஓட வைக்க முடியுமா, பாரு” என்றார். எண்பதைக் கடந்த மனிதர் அதுவரை என்னிடம் எதையும் கேட்டதில்லை.

ஹார்டு டிஸ்க்கை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டால் போதாதா என்று இன்றைய பிள்ளைகள் கேட்பார்கள். என் அக்கா மகளும் அதையேதான் கேட்டாள். அந்த வேலையைத்தான் முதலில் செய்தேன். டிஸ்க்கைக் கழற்றி, பழைய ஐ.டி.இ. டிஸ்க்கை யூ.எஸ்.பி.யில் இணைக்கும் வயர் மூலம் என் லேப்டாப்பில் செருகி, உள்ளிருந்ததை முழுவதும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டேன். கோப்புகள் அத்தனையும் நலமாக இருந்தன. ஆனால் அவை பேஜ்மேக்கர் கோப்புகள். அந்த மென்பொருளின் கடைசிப் பெரிய பதிப்பு 2001-ல் வந்தது. இன்றைய கணினிகளில் அது இயல்பாக ஓடாது. அதற்கு மேல் இன்னொரு சிக்கலும் இருந்தது. அப்பா பயன்படுத்திய தமிழ் மென்பொருளுக்கு ஒரு பூட்டு உண்டு. பிரின்டர் வயர் செருகும் 25 துளை வாயிலில் விரல் நீளக் கட்டை ஒன்றைச் செருகினால்தான் எழுத்துரு வேலை செய்யும். அந்த வாயிலே இல்லாத லேப்டாப்பில் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் கலந்த குப்பைதான் வரும்.

இதன் காரணத்தைப் புரிந்துகொள்ள அந்தக் காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 1990-களில் தமிழ் எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் எழுத்துகளைத் தம் விருப்பப்படி உட்கார வைத்தார்கள். ஒருவருடைய எழுத்துருவில் ‘க’ இருந்த இடத்தில் இன்னொருவருடையதில் ‘ட’ இருந்தது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை அடுத்து தமிழ்நாடு அரசு டாம், டாப் குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரமாக அறிவித்தது. யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்திருந்தாலும், தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010-ல்தான். இடைப்பட்ட அந்த இருபது ஆண்டுகளில் தமிழ்நாட்டின் ஒவ்வொரு டி.டி.பி. கடையிலும் தட்டச்சான கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர், ஊர் வரலாறு, முனைவர் பட்ட ஆய்வேடு எல்லாம் இப்படி ஏதோ ஒரு எழுத்துருவுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. ஆகவே அந்தக் கணினி அந்தக் கணினியாகவே மறுபடி ஓடியாக வேண்டும் என்பது முடிவாயிற்று.

டிஸ்க்கைத் திரும்பப் பூட்டி, பக்கத்து வீட்டு எல்.சி.டி. மானிட்டரை இரவல் வாங்கிச் செருகினோம். பெட்டி ஓடத்தான் செய்தது. ஆனால் மின்விசிறி கத்தியது. விண்டோஸ் எக்ஸ்பி முழுதாக ஏறி, பேஜ்மேக்கரைத் திறப்பதற்குள் சூடேறித் தானாக அணைந்தது. பென்டியம் 4 சூட்டுக்குப் பேர்போனது. வெப்பம் எல்லை மீறினால் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் பிராசசர் மேலிருந்த அலுமினிய ஹீட்சிங்க்கின் இடைவெளிகள் தெரியாத அளவுக்குத் தூசி கம்பளம் போல் படர்ந்திருந்தது. மழை ஈரத்தில் அது கட்டியாகவும் ஆகியிருந்தது.

எங்கள் வீட்டில் எதையும் எடுத்த எடுப்பில் அடித்துத் தூசி தட்ட முடியாது. உள்ளே என்ன உயிர் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். திகம்பர முனிவர்கள் உட்காரும் இடத்தை மயிற்பீலியால் மென்மையாகத் துடைத்துவிட்டு உட்காருவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். சி.டி. டிரைவுக்குக் கீழே சிலந்தி ஒன்று முட்டைப் பையோடு இருந்தது. அப்பா ஒரு காகிதத்தை மெதுவாகக் கீழே கொடுத்து அதைப் பையோடு எடுத்துக் கொல்லைப்புற முருங்கை மரத்தடியில் விட்டு வந்தார். எறும்புகள் தாமாக வெளியேறட்டும் என்று பெட்டியை நிழலில் திறந்தே வைத்தோம். அதன் பிறகுதான் பிரஷை எடுத்தேன்.

ஹீட்சிங்க்கைக் கழற்றுவதற்கு முன் கணினியைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கிக்கொண்டேன். இருபது வருடத்தில் அடியிலுள்ள பேஸ்ட் காய்ந்து இறுகியிருக்கும். குளிர்ந்த நிலையில் நேராக இழுத்தால் பிராசசர் சாக்கெட்டைவிட்டுப் பிய்த்துக்கொண்டு வரும். அதன் அடியில் 478 ஊசிகள். ஒன்று வளைந்தாலும் தொல்லைதான். சூட்டோடு இலேசாக இடமும் வலமும் திருகி எடுத்தேன். பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு மிளகளவு புதியதை வைத்தேன். இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத காற்று இடைவெளிகள் இருக்கும், காற்று வெப்பத்தை நன்றாகக் கடத்தாது, பேஸ்ட் அந்த இடைவெளியைத்தான் நிரப்புகிறது என்று அக்கா மகளுக்குச் சொன்னேன். அவள் பாலிடெக்னிக்கில் படிக்கிறவள், எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டாள். மதர்போர்டை அசைக்கவில்லை. வயதான போர்டை வளைத்தால் ஈயப்பற்று விரிசல் விடும். பெட்டியைப் படுக்க வைத்து, மின்விசிறியின் இறக்கைகள் சுழலாதபடி பிடித்துக்கொண்டு, மூலை முடுக்கெல்லாம் புளோயரால் ஊதினேன். ரேமின் தங்கநிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்தேன். எல்லாவற்றையும் பூட்டி, பெட்டியை நிமிர்த்தி வைத்தோம். துலக்கிய பாத்திரமாக இருந்தது.

பொத்தானை அமுக்கினேன். மின்விசிறி அரைச்சுற்று சுற்றி நின்றது. மறுபடி அமுக்கினாலும் அதேதான். பீப் ஒலி இல்லை, திரையில் ஒன்றும் இல்லை. அப்பா எதுவும் சொல்லாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்தார்.

ரிச்சி தெருவில் எனக்குத் தொழில் கற்றுத் தந்தவர் அடிக்கடி ஒன்று சொல்வார். நேற்று வரை ஓடியது இன்று ஓடவில்லையென்றால், நேற்றுக்கும் இன்றைக்கும் நடுவில் என்ன மாறியது என்று கேள். பாகங்களைச் சந்தேகப்படுவதற்கு முன் அந்தக் கேள்வியைக் கேட்காதவன் நல்ல பாகங்களைத் தூக்கி எறிவான். இரண்டாவது விதி, ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்று. இரண்டை ஒன்றாக மாற்றிச் சரியாகிவிட்டால், எது காரணம் என்று உனக்குத் தெரியவே தெரியாது. பழைய கணினிக்கு இது கூடுதலாகப் பொருந்தும். புதியதானால் கடையில் மாற்றுப் பாகம் கிடைக்கும். இதற்குக் கிடைக்காது. இருக்கிற ஒன்றைக் கேட்டுக் கேட்டுத்தான் விடை வாங்க வேண்டும்.

முதல் வேலையாக ஹார்டு டிஸ்க்கின் இரண்டு இணைப்புகளையும் பிடுங்கி அதை அலமாரியில் வைத்தேன். பிரதி எடுத்தாயிற்றுதான். ஆனாலும் மின்சாரத்தில் கோளாறு இருக்கும்போது அதைப் பெட்டியில் விட்டுவைக்கக் கூடாது.

அடுத்து மின்சாரம். மதர்போர்டின் ஓரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. பெட்டி அணைந்திருக்கும்போதும் எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்வழங்கி போர்டுக்குத் தரும் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் வந்துசேர்கிறது என்பதற்கு அது அடையாளம். ஆகவே சுவர் பிளக், வயர் பற்றிக் கவலை இல்லை. எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் போர்டிலிருந்து முழுதாகப் பிரித்து, அதன் பெரிய இணைப்பில் பச்சை வயரையும் பக்கத்துக் கறுப்பு வயரையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்தேன். சும்மா ஓட விடக் கூடாது என்பதற்காகப் பழைய சி.டி. டிரைவ் ஒன்றைப் பாரமாக மாட்டியிருந்தேன். எஸ்.எம்.பி.எஸ். விசிறி சீராக ஓடியது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தோம். மஞ்சள் வயரில் 12-க்குச் சற்றுக் குறைவு, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3. ஐந்து சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம் என்பது கணக்கு. 12 வோல்ட் என்றால் 11.4-க்குக் கீழே போகக் கூடாது. எல்லாம் எல்லைக்குள்தான் இருந்தன. “அப்ப பவர் நல்லா இருக்குது மாமா” என்று அக்கா மகள் குறித்தாள்.

பிராசசருக்கென்று தனியாக வரும் நாலு ஊசி 12 வோல்ட் இணைப்பைப் பார்த்தேன். கணினியைச் சுத்தம் செய்து பூட்டுகிறவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். அது அழுந்த உட்கார்ந்திருந்தது. அந்தக் காலத்துப் போர்டுகளில் மின்தேக்கிகள் உப்பி வெடிப்பது பெரிய வியாதி. 2000-களின் முற்பகுதியில் வந்த போர்டுகளில் மின்தேக்கிக்குள் ஊற்றிய திரவம் சரியில்லாமல் உலகம் முழுக்கக் கணினிகள் செத்தன. டார்ச் அடித்து ஒவ்வொன்றின் தலையையும் பார்த்தேன். எல்லாம் மட்டமாக இருந்தன, கசிவு இல்லை.

டயல்-அப் காலத்து மோடம் அட்டை, லேன் அட்டை, பிளாப்பி டிரைவ் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் பொத்தானை அமுக்கினேன். அதே அரைச்சுற்று. முன்பக்கப் பொத்தான் உள்ளே சிக்கியிருக்குமோ என்று அதன் வயரைப் பிடுங்கி, போர்டிலிருந்த இரண்டு ஊசிகளை ஸ்க்ரூடிரைவர் முனையால் தொட்டேன். அப்போதும் அரைச்சுற்றுதான். கடைசியாக ரேமையும் எடுத்தேன். ரேம் இல்லாவிட்டால் இந்த வகைப் போர்டு மூன்று முறை பீப் அடித்துக் கத்த வேண்டும். குறை சொல்லக்கூடிய போர்டு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். இது வாயே திறக்கவில்லை.

அதற்குள் அம்மா கூப்பிட்டுவிட்டார். எங்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும். விளக்கைப் போட்டுக்கொண்டு இரவில் வேலை பார்த்தால் பூச்சிகள் விழும் என்று அதையும் அம்மா விடமாட்டார். சென்னையில் விடிய விடிய உட்கார்ந்து வேலை பார்த்தவன் நான். ஊர் வழக்கம் அன்று பெரிய உதவி செய்தது. திண்ணையில் படுத்துக்கொண்டு, கையில் எதுவும் இல்லாமல், நடந்ததை மட்டும் யோசிக்க முடிந்தது.

எஸ்.எம்.பி.எஸ். தனியாக ஓடுகிறது. போர்டோடு சேர்ந்தால் ஒரு நொடிகூட நிற்பதில்லை. நின்றுவிடுவது அதன் கோளாறு அல்ல. வெளியே எங்கோ மின்சாரம் நேர்வழியில் பாய்கிறது என்று கண்டு, தீப்பற்றாமல் தன்னை நிறுத்திக்கொள்கிறது. அப்படியானால் எங்கோ ஷார்ட். போர்டு மேல் இருந்த எல்லாவற்றையும் கழற்றியாயிற்று. மிஞ்சியவை போர்டு, பிராசசர், இவற்றைத் தாங்கும் இரும்புத் தட்டு. சுத்தம் செய்வதற்கு முன் ஓடிய போர்டும் பிராசசரும் புளோயர் காற்றில் சாகாது. அப்புறம் மாறியது என்ன? தூசி போனது. பெட்டியைப் படுக்க வைத்தோம், நிமிர்த்தினோம். அவ்வளவுதான். நான் பார்க்காத இடம் ஒன்றே ஒன்று இருந்தது. போர்டின் முதுகு.

காலையில் போர்டின் திருகுகளை எடுத்து, இரண்டு கையாலும் ஓரங்களைப் பிடித்து நேராகத் தூக்கினேன். டிங் என்று ஒரு சத்தம். இரும்புத் தட்டின் மேல் விழுந்து உருண்டது ஒரு சின்னத் திருகு. ஹார்டு டிஸ்க்கைப் பூட்டும் ரகம்.

மதர்போர்டு தட்டின் மேல் நேராக உட்காராது. பித்தளைக் கால்கள் அதை அரை சென்டிமீட்டர் அளவுக்குத் தூக்கி நிறுத்தும். அதன் முதுகு முழுக்க ஈயப் புள்ளிகள். 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் ஓடுகிற புள்ளிகளும் அங்கே திறந்தே இருக்கும். தட்டோ பூமி இணைப்பில் இருப்பது. இரண்டுக்கும் நடுவில் ஒரு திருகு சிக்கிக்கொண்டால் அதுவே பாலம். இந்த இருபது வருடத்தில் பெட்டியைத் திறந்து மூடிய ஏதோ ஒரு கையிலிருந்து நழுவிய திருகு அது. டிஸ்க் கூண்டின் மூலையில் விழுந்தது, அங்கே சேர்ந்த தூசியிலேயே ஒட்டிக்கொண்டு யாருக்கும் தொல்லை தராமல் கிடந்திருக்கிறது. தூசியை ஊதியதும் விடுபட்டது. பெட்டி படுத்திருந்ததால் போர்டுக்கு அடியில் ஓடியது. நிமிர்த்தியபோது இடுக்கில் மாட்டிக்கொண்டது.

திருகு கிடைத்துவிட்டது என்பதாலேயே அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. நிரூபிக்க வேண்டும். கைக்குக் கிடைத்த முதல் காரணத்தை நம்பி எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, மறுபடி பிரித்தவர்களை ரிச்சி தெருவில் நிறையப் பார்த்திருக்கிறேன். போர்டைப் பெட்டிக்குள் வைக்காமல் ஓர் அட்டைப் பெட்டியின் மேல் வைத்தேன். ரேம் இல்லை. எஸ்.எம்.பி.எஸ்., பிராசசர், அதன் மின்விசிறி, ஒரு சின்ன ஸ்பீக்கர், அவ்வளவுதான். ஸ்க்ரூடிரைவர் முனையால் இரண்டு ஊசிகளைத் தொட்டேன். மின்விசிறி சுற்றியது. நிற்காமல் சுற்றியது. பீப், பீப், பீப்.

அப்பா எழுந்து நின்றுவிட்டார். “என்னப்பா சொல்லுது?” என்றார். “ரேம் எங்கேன்னு கேக்குதுப்பா” என்றேன்.

அதன் பிறகு எல்லாம் ஏறுவரிசையில் நடந்தது. ரேமைச் செருகினோம், பீப் நின்றது, மானிட்டரில் எழுத்து வந்தது. போர்டைப் பெட்டிக்குள் வைத்துத் திருகினோம், அங்கும் ஓடியது. அட்டைகளைச் செருகினோம். கடைசியாகத்தான் ஹார்டு டிஸ்க். ஒவ்வொரு படியிலும் ஒரு முறை ஓட்டிப் பார்த்தோம். திரையில் தேதி 2003 ஜனவரி 1 என்று காட்டி, அமைப்புகள் அழிந்துவிட்டன என்று எச்சரித்தது. போர்டிலிருந்த காசு வடிவ பேட்டரியை மீட்டரில் வைத்தால் 3 வோல்ட் காட்ட வேண்டியது இரண்டரைக்கும் கீழே இருந்தது. அக்கா மகள் செஞ்சிக்கு பஸ் ஏறிப் போய் ஒரு வாட்ச் கடையில் சி.ஆர். 2032 வாங்கி வந்தாள். கால்குலேட்டருக்கும் கார் சாவிக்கும் போடும் அதே பேட்டரிதான். தேதியைச் சரிசெய்து, முதலில் பிளாப்பியைத் தேடாமல் ஹார்டு டிஸ்க்கிலிருந்து கிளம்பும்படி மாற்றிவிட்டோம். விண்டோஸ் எக்ஸ்பியின் பச்சைப் புல்வெளி திரையில் விரிந்தது. மைக்ரோசாஃப்ட் அதற்கு ஆதரவை நிறுத்தியது 2014 ஏப்ரல் 8-ல். இணையத்தில் இணைக்காதவரை அதனால் எங்களுக்கு ஆபத்து இல்லை. சூடும் ஏறவில்லை. கத்தாமல் ஓடியது.

பேஜ்மேக்கரை அப்பாவே திறந்தார். முதல் பக்கத்தில் பாட்டியின் தாலாட்டு. அவர் வாய்விட்டுப் படித்தார். அம்மா அடுப்படியிலிருந்து வந்து அடுத்த வரியை நினைவிலிருந்தே சொன்னார்.

ஓட வைத்தது பாதி வேலைதான். வெறும் உரையாக ஏற்றுமதி செய்து, பென்டிரைவில் என் லேப்டாப்புக்குக் கொண்டுபோய், யூனிகோடுக்கு மாற்றினோம். மாற்றித் தரும் செயலிகள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் அவற்றை அப்படியே நம்பிவிட முடியாது. பழைய தட்டச்சு முறையில் ஒற்றைக் கொம்பை முதலில் அடித்துவிட்டு அப்புறம் எழுத்தை அடிப்பார்கள். யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு அப்புறம். செயலி இதைப் பெரும்பாலும் சரியாகத் திருப்பிவிடும். திணறுவது வேறு இடத்தில். திரையில் பார்க்க ஒரே மாதிரி இருந்ததால் ‘ர’ வர வேண்டிய இடத்தில் துணைக்காலையும், துணைக்கால் வேண்டிய இடத்தில் ‘ர’வையும் தட்டச்சர்கள் அடித்திருப்பார்கள். காகிதத்தில் அச்சாகும்போது பிழை தெரியாது. மாற்றும்போதுதான் சொற்கள் உடைந்து வரும். ‘ஸ்ரீ’யும் கிரந்த எழுத்துகளும் பல இடங்களில் சிதைந்தன. இவற்றை எந்தச் செயலியும் முழுதாகத் திருத்தாது. அந்தப் பாட்டைக் கேட்டவர் வேண்டும். அப்பா ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்ட, அக்கா மகள் திருத்தினாள். பாட்டியைப் பார்த்தே இராத பெண்ணுக்கு இப்போது அந்தத் தாலாட்டுகள் மனப்பாடம்.

உ.வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சுக்குக் கொண்டுவந்ததற்கு, கும்பகோணத்துச் சமணர்கள் அவருக்குப் பொருள் சொல்லித் தந்ததும் ஒரு காரணம். ஏடு மட்டும் இருந்து, படித்துச் சொல்ல ஆள் இல்லாமல் போயிருந்தால் அந்த நூல் இந்த வடிவில் வந்திருக்காது. அதே காலத்தில் ஆடிப்பெருக்கு வெள்ளத்திலும் போகித் தீயிலும் போன ஏடுகள் எத்தனையோ. ஓலைக்கு ஆயுள் சில நூற்றாண்டுகள். அதற்குள் யாராவது புது ஓலையில் படியெடுத்தால்தான் நூல் பிழைக்கும். எங்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாக அதைச் செய்தார்கள். ஹார்டு டிஸ்க்குக்கு ஆயுள் அதைவிட மிகக் குறைவு. எழுத்துருவுக்கும் மென்பொருளுக்கும் அதையும்விடக் குறைவு. ஓலை மங்கினால் மை தடவிப் படிக்கலாம். குறியீடு மறைந்த கோப்பை எதைத் தடவியும் படிக்க முடியாது.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மராட்டியர் கோட்டைகள் 12 சேர்ந்ததில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். எங்கள் பகுதிக்கே பெருமை. கோட்டையைக் காக்க அரசும் உலக அமைப்பும் இருக்கின்றன. ஒரு கிராமத்துப் பெண் பாடிய தாலாட்டைக் காக்க அவள் வீட்டாரைத் தவிர வேறு யாரும் வரப்போவதில்லை.

ஆகவே இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில், ஊர்ச் சங்க அலுவலகத்தில், மூடிய டி.டி.பி. கடையில் ஒரு பழைய பெட்டி இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். முதலில் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிப் பிரதி எடுங்கள். பிறகு பெட்டியைச் சுத்தம் செய்யுங்கள், போர்டின் முதுகையும் சேர்த்துப் பாருங்கள். ஓடாவிட்டால் பயப்படாமல் ஒவ்வொன்றாகக் கழற்றி, எது சரியாக இருக்கிறது என்று முதலில் உறுதி செய்யுங்கள். ஓடியதும் எழுத்தையெல்லாம் யூனிகோடுக்கு மாற்றி இரண்டு இடங்களில் வையுங்கள். தட்டச்சு செய்தவர் உயிரோடு இருந்தால், அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இந்த வருடமே செய்துவிடுங்கள்.